சராசரி பொருந்திவிட்டால் காற்று மாசு மாடல் தேறியதாக அர்த்தமா?

புள்ளிக்கோடு:
ஓராண்டுக்கான நைட்ரஜன் டை ஆக்சைடு கணிப்பை நிலையத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டு முடித்தேன். காற்று மாசு மாடல்களை மதிப்பிடுவது பற்றி 2004-இல் சாங், ஹன்னா என்ற ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையின் அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். சராசரிப் பிழை 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கணிப்புகளில் பாதியாவது, அளந்த மதிப்பின் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையே விழ வேண்டும். சிதறலும், அதாவது கணிப்புகள் அளவீட்டிலிருந்து அங்குமிங்கும் விலகுவதும், அளவோடு இருக்க வேண்டும். மூன்றிலும் தேறியது. மணிக்கு மணி பார்த்தால் மட்டும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பதன் அளவு) மிகக் குறைவு. இருந்தாலும் மாடலைப் பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து.

பனிப்புகை:
கூடவே கூடாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அளந்தது பகலில் 40, இரவில் 60. மாடல் சொல்வது பகலில் 60, இரவில் 40. சராசரிப் பிழை சுழியம். எல்லாக் கணிப்பும் இரு மடங்கு எல்லைக்குள். சிதறலும் குறைவு. நீங்கள் சொன்ன மூன்றிலும் தேர்ச்சி, ஆனால் பகலும் இரவும் தலைகீழ்! இதை நம்பி, வெளியே விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு எந்த நேரம் நல்லது என்று சொல்ல முடியுமா?

காற்றுத்திசை:
பனிப்புகை, உங்கள் கணக்கு சரி. ஆனால் எல்லா மாடலும் நேரம் சொல்வதற்காக ஓட்டப்படுவதில்லை. ஒரு புகைபோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் திசையில் 10 பாகை பிசகினாலே 1 கிலோமீட்டர் தள்ளி புகையின் நடுக்கோடு ஏறக்குறைய 175 மீட்டர் விலகிவிடும். புகை ஒடுங்கியிருந்தால் கருவிக்கு ஒன்றும் எட்டாது; மாடலோ உச்சத்தைக் காட்டும். புகை எப்படிப் பரவுகிறது என்று மாடல் சரியாகவே சொல்லியிருக்கும், ஒட்டுறவு மட்டும் படுத்துவிடும். அதனால்தான் ஆலைப் புகை பரவலைக் கணிக்கும் ஏர்மாட் போன்ற மாடல்களைச் சோதிக்கும்போது அளந்தவற்றையும் கணித்தவற்றையும் தனித்தனியே பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என்று ஒப்பிடுகிறார்கள். ஆலைக்கு அனுமதி கொடுப்பவருக்கு வேண்டியது உச்சம் எவ்வளவு என்பது.

பனிப்புகை:
ஒற்றைப் புகைபோக்கிக்கு ஒத்துக்கொள்கிறேன். புள்ளிக்கோடு செய்வது நகரம் முழுவதற்குமான கணிப்பு என்று நினைக்கிறேன், அங்கே இது செல்லாது. வாகன உமிழ்வைக் குறைவாகக் கொடுத்துவிட்டு, மாசு கலக்கும் காற்றடுக்கின் உயரத்தையும் குறைவாக வைத்தால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் பொருந்திவிடும். அப்புறம் ஆலைகளின் புகையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று அதே மாடலைக் கேட்டால், உள்ளதைவிடப் பெரிய பலனைக் காட்டும். அதை நம்பி எடுக்கும் முடிவு மக்களின் நுரையீரலில் போய் விடியும். சரியான எண் தவறான காரணத்தால் வந்திருக்கிறதா என்று பார்க்காத சோதனை எனக்குச் சோதனையே இல்லை.

மானி:
இரண்டு பேரும் கருவியை உண்மையின் இடத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். நான் கருவிப் பக்கத்து ஆள், அதனால் சொல்கிறேன். மாலிப்டினம் மாற்றி (நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் பகுதி) உள்ள கருவி நைட்ரிக் அமிலத்தின் ஒரு பகுதியையும் பான் எனும் சேர்மத்தையும் சேர்த்தே நைட்ரஜன் டை ஆக்சைடு என்று எண்ணிவிடும். இன்னொன்று, கருவி இருப்பது ஒரு புள்ளியில்; மாடல் தருவது பல கிலோமீட்டர் கட்டத்தின் சராசரி. கருவி சாலையோரம் நின்றால் மாடல் குறைவாகச் சொல்வதுதான் இயல்பு. காற்று மாசு மாடல்களுக்கான ஐரோப்பாவின் ஃபேர்மோட் குழு தன் அளவுகோலுக்குள்ளேயே அளவீட்டின் நிச்சயமின்மையையும் சேர்த்திருக்கிறது.

புள்ளிக்கோடு:
பனிப்புகை சொன்னபடி மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இரவில் மாடல் கூடுதல், பிற்பகலில் குறைவு. கிட்டத்தட்ட சமமாக அடித்துக்கொண்டிருக்கிறது. ஓராண்டுச் சராசரியை மட்டும் வைத்து அதைத் தேறியதாகச் சொன்னது என் தவறு.

மானி:
பிற்பகல் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வெயிலில் வேதிவினை நடந்து அமிலமும் பானும் கூடுகிற நேரம் அதுதான். நிலையத்தில் எந்த மாற்றி இருக்கிறது என்று கேளுங்கள். மாலிப்டினம் என்றால் அந்தக் குறைவில் ஒரு பங்கு கருவியுடையது.

காற்றுத்திசை:
இரவுக்கு அந்தச் சாக்கு இல்லை. மாசு கலக்கும் உயரத்தை இரவில் மாடல் எவ்வளவு என்று வைத்திருக்கிறது, எடுத்துப் போடுங்கள். நிலையம் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து.