மெல்பர்னில் மீடியா படிக்க வந்திருக்கிறீர்களா? முதல் செமஸ்டரிலேயே ரேடியோ பக்கம் போங்கள்

மீடியா, டிஜிட்டல் கம்யூனிகேஷன் மாஸ்டர்ஸ் படிக்க இங்கே வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வீடு, சிம் கார்டு, வரி எண்ணான டிஎஃப்என் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், நான் படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம்ம ஊர் விஸ்காம் மாதிரி கேமராவும் எடிட்டிங்கும்தான் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே தடுமாறுகிறார்கள். இங்கே பல மாஸ்டர்ஸ் படிப்புகளில் வாசிப்பும் விவாதமும்தான் அதிகம். கட்டுரைகளை முன்கூட்டியே வாசித்துவிட்டு டியூட்டோரியல் என்கிற சிறு குழு வகுப்பில் வாய் திறந்து பேச வேண்டும், பல பாடங்களில் அதற்கும் மதிப்பெண் உண்டு. இந்த நாட்டின் மீடியா கதை தெரியாமல் பேசுவது கஷ்டம். செய்திகளுக்கு டெக் நிறுவனங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் செய்திகளையே முடக்கியது. அதே வருடம் செப்டம்பரில், தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் மற்றவர்கள் போடும் கமெண்டுகளுக்கும் அவதூறு வழக்கில் ஊடக நிறுவனங்களே பொறுப்பாகலாம் என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் சொன்னது. இந்த இரண்டையும் தேடி வாசித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள், பாதி விவாதம் புரியும்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல வருவது வேறு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தோடு சேர்த்து, நீங்கள் இங்கே என்ன செய்து வெளியிட்டிருக்கிறீர்கள் என்றும் பார்ப்பார்கள். அதை ஆரம்பிக்க நல்ல இடம், பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்தும் கம்யூனிட்டி ரேடியோ. 90.7 எஃப்எம்மில் வரும் சின் (SYN) நிலையம் முழுக்க இளைஞர்களே நடத்துவது, ஆனால் வயது வரம்பு உண்டு. வயது தாண்டியவர்கள் 1976-லிருந்து ஒலிபரப்பும் 3சிஆருக்குப் போகலாம். பல மொழிகளில் ஒலிபரப்பும் 3இசட்இசட்இசட்டும் இருக்கிறது. பயிற்சி எடுத்துக்கொண்டு, பேட்டி எடுப்பது, ஒலியை வெட்டி ஒட்டுவது, நிகழ்ச்சியை நேரத்துக்கு முடிப்பது எல்லாவற்றையும் நிஜமான நேயர்களை வைத்தே கற்றுக்கொள்ளலாம். உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

தமிழையும் ஒளித்து வைக்காதீர்கள். 2020 ஜூலையில் ஃப்ளெமிங்டன், நார்த் மெல்பர்னில் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்களைக் கொரோனாவுக்காகத் திடீரென்று பூட்டியபோது, உள்ளே இருந்தவர்களுக்கு அவரவர் மொழியில் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது பெரிய பிரச்சினையானது. ஒரு சமூகத்துக்கு அதன் மொழியில், அது நம்பும் ஆட்கள் வழியாகச் செய்தியைக் கொண்டுபோவது இங்கே தனித் திறமை. இங்குள்ள பன்மொழிப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ்ஸின் தமிழ் ஒலிபரப்பைக் கேளுங்கள், ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள், தமிழில் எதை விளக்குகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அசைன்மென்டுக்கே அருமையான தலைப்பு அது.

விசா விஷயத்தில் கவனமாக இருங்கள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்பின் பகுதியாகப் பல்கலைக்கழகம் பதிவு செய்த கட்டாயப் பயிற்சி அந்தக் கணக்கில் வராது. அப்புறம், "சம்பளம் இல்லை, அனுபவம் கிடைக்கும்" என்று யாராவது ஒரு ஏஜென்சியில் கூப்பிட்டால், அது உங்கள் பாடத்தின் பகுதியா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், நீங்கள் அங்கே செய்வது நிஜமான வேலை என்றால், அதற்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சம்பள, வேலை உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் கேட்கலாம், மாணவர் என்பதால் உங்கள் உரிமை குறைவதில்லை.

மத்திய அரசின் கம்யூனிகேஷன் வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள். அதனால் முதலில் உள்ளூர் கவுன்சில்கள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்களைப் பாருங்கள். பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு யோசனை இருந்தால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி (NAATI) நடத்தும் சிசிஎல் என்ற வாய்மொழி மொழிபெயர்ப்புத் தேர்வைத் தமிழில் எடுக்கலாம், தேறினால் பிஆர் புள்ளிக் கணக்கில் 5 புள்ளி கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.