புதுப்பிப்பு: அம்மாவின் சிவந்த கண், அது கண்ணோய் இல்லை

போன கிழமை கேட்டிருந்தேன்: 12 வருடமாகச் சொரியாசிஸ் என்ற தோல் நோயும் 8 வருடமாகச் சலரோகமும் (நீரிழிவு) உள்ள அம்மாவுக்கு ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசுகிறது, கண்ணோயா (தொற்றிக்கொள்ளும் கண் சிவப்பு) என்று. நந்தியாவட்டைப் பூ ஒத்தச் சொன்னவர்களுக்கும் நன்றி, ஆனால் அதைச் செய்யவில்லை.

திங்கட்கிழமை சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் கண் டொக்டரிடம் காட்டினோம். பீளை இல்லை. கருவிழியைச் சுற்றித்தான் சிவப்பு, கண்மணியும் மற்றதை விடச் சிறுத்திருந்தது. யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, அதுவும் மூட்டு வருத்தம் சேர்ந்தால், இது வரக்கூடியதாம். அம்மாவின் விரல் வீக்கத்தை வயது என்று விட்டுவிட்டோம். அது இன்னும் மனதை அறுக்கிறது.

ஸ்டீரொயிட் சொட்டு தந்திருக்கிறார்கள். தயவுசெய்து இதை யாரும் தாமாக வாங்கி விடாதீர்கள், கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம்.

அப்புறம், விழித்திரையில் சீனியால் வந்த சிறு இரத்தப் புள்ளிகளும் இருந்தன. அம்மாவுக்குப் பார்வையில் ஒரு குறையும் தெரியவில்லை! சலரோகம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது விழித்திரையைக் காட்டுங்கள்.

நேற்றுக் காலை கண்ணைக் கையால் மறைக்காமல் முற்றத்தில் நின்று செவ்வரத்தம்பூ ஆய்ந்தார். அடுத்த கிழமை மறுபடி காட்ட வேண்டும்.