தொட்டிப் பாலம் பார்த்த கதை: உங்களுடையதையும் எழுதுங்கள்

பாம்பூக்காரன்:
மகள் பிரான்சில் மோன்பெலியேயில் படிக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். “அப்பா, உங்களுக்கு அருங்காட்சியகம் சரிப்படாது. ஒரு வாய்க்காலைக் காட்டுகிறேன், வாருங்கள்” என்று, ஆற்றுக்கு மேலே வாய்க்காலைத் தாங்கி நிற்கும் போன் து கார் தொட்டிப் பாலத்துக்கு அழைத்துப் போனாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் அப்பா நம் மொரீஷியஸ் தீவில், பாம்பூ ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் மடை திருப்பியவர். நம் மேற்குக் கரையில் மழை குறைவு என்பது தெரியும். லா ஃபெர்ம் ஏரித் தண்ணீரை நம்பித்தான் பயிர். அப்பாவிடம் மட்டம் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. காய்ந்த கரும்புத் தோகையைக் கிள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டு, கரையில் கூடவே நடப்பார். தோகை முந்தினால் சரிவு அதிகம், பின்தங்கினால் குறைவு. “ஓடுகிற தண்ணீர் மண்ணைத் தின்றுவிடும், தூங்குகிற தண்ணீர் பாசி பிடிக்கும், நம்மோடு நடந்து வர வேண்டும்” என்பார்.

பாலத்தைப் பார்த்ததும் உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று அடுக்கு வளைவுகள், சுமார் 49 மீட்டர் உயரம், கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது. எல்லாம் படத்தில் பார்த்ததுதான். வெயில், கூட்டம், ஐஸ்கிரீம் வரிசை. வழிகாட்டிப் பெண் ஒரு கணக்கைச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து நின்றேன்.

ஊற்று இருப்பது உசெஸ் ஊருக்குப் பக்கத்தில். தண்ணீர் போக வேண்டியது நீம் நகரத்துக்கு. நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்தான். குன்றுகளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் 50 கிலோமீட்டர் போகிறது. அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் 12.6 மீட்டர். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர்! பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்றார். என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன், அதன் அகலம்தான். ஊற்றிலிருந்து நகரம் சேரத் தண்ணீருக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்ததாம். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வருகிறது. கடைசிக் காலத்தில் முட்டிவலியோடு அப்பா வாய்க்கால் கரையில் நடந்த வேகம்.

உச்சியில் இருக்கும் தொட்டிக்குள் வழிகாட்டியோடு போகலாம். இருபுறச் சுவரிலும் சுண்ணாம்புப் படிவு, ஒரு கை தடிமனுக்கு. சுரண்டிச் சுத்தம் செய்ய ஆள் இல்லாமல் போன காலத்தில் வாய்க்கால் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. அப்பா பார்த்திருந்தால் மண்வெட்டி கேட்டிருப்பார்.

கீழ் இரண்டு அடுக்குகளிலும் கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. சில கற்கள் 6 டன் எடை. ஆங்காங்கே கல் துருத்திக்கொண்டு நிற்பது அழகுக்காக அல்ல, சாரம் கட்டுவதற்காக. பின்னாளில் ஊர் ஊராக வேலை பழகித் திரிந்த பிரெஞ்சுக் கொத்தர்கள் இந்தப் பாலத்தைப் பார்க்க வந்து, பெயரையும் சுத்தியலையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் தடவிப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமை வந்தது. நம் தீவுக்கு 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கிராண்ட் ரிவர் ஆற்றுத் தண்ணீரைத் தலைநகர் போர்ட் லூயிக்குக் கொண்டுவந்த வாய்க்காலும் அவர் காலத்து வேலைதான். அவருக்குத் துறைமுகத்தைப் பார்த்தபடி சிலை இருக்கிறது. அந்தக் கொத்தர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் கல்லில் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டோம். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணை பள்ளி நாட்களுக்கானது, அன்று விடுமுறை. போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குவாத்ர் போர்ன் அக்கா:
தம்பி, நான் ஸ்பெயினில் செகோவியா ஊர்த் தொட்டிப் பாலத்தைப் பார்த்தேன். அதுவும் சாந்தில்லாமல் அடுக்கிய கருங்கல், 28 மீட்டர். ஊர் நடுவில் நிற்பதால் டிக்கெட் கிடையாது. அங்கே ஒரு கதை சொல்கிறார்கள்: குடம் சுமந்து அலுத்த ஒரு பெண், விடிவதற்குள் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்தால் ஆன்மாவைத் தருகிறேன் என்று சாத்தானிடம் பேரம் பேசினாளாம். ஒரே ஒரு கல் மிச்சமிருக்கையில் சூரியன் உதித்துவிட்டது. நம் ஊர்க் கதையாக இருந்தால் பூதம் கட்டியது என்பார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் அலுப்புதான் புரிந்தது. வாரத்தில் மூன்று நாள் குழாய் வராத தெருவில் இருப்பவள் நான்.

கோவில் வீதி:
தைப்பூசம் முடிந்ததும் தமிழ்நாடு போய், கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஏறினேன். 1966-இல் கட்டியது, காமராசர் முயற்சி. பறளியாற்றுக்கு மேலே 28 தூண்கள், 115 அடி உயரம். ஒரு பக்கம் நாம் நடக்கிறோம், பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் கூடவே வருகிறது. ரோமானியப் பாலத்தில் தண்ணீர் ஓடவில்லையே ஐயா, இதில் ஓடுகிறது. ஆமாம், தோகை ஏதும் போட்டுப் பார்த்தீர்களா?

பாம்பூக்காரன்:
மேலே தொட்டி வறண்டு கிடக்கிறது, எதில் போடுவது? கீழே இறங்கி, பாலத்துக்கு அடியில் ஓடும் கார்தோன் ஆற்றில் ஒரு நாணலைக் கிள்ளிப் போட்டுக் கூடவே நடந்தேன். ஐந்தாறு எட்டுக்குள் முந்திவிட்டது. “சரிவு அதிகம்” என்று தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.