அரசியல் அறிவியல் முதல் ஆண்டு: வெள்ளிக்கிழமைக்குள் துறை மாறிவிடலாமா?

புதுமாணவன்:
வணக்கம். வகுப்பு தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. முதல் கட்டுரை நேற்றுத் திரும்பி வந்தது. 42 மதிப்பெண். ஓரத்தில் "விவரிப்பு சரி, வாதம் எங்கே?" என்று ஒரே ஒரு வரி. நான்கு நாள் உட்கார்ந்து எழுதியது. வேறு துறைக்கு மாற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மாறிவிடலாமா? தூக்கமே இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கடல்தாண்டி:
தம்பி, இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நம்பாதீர்கள். கொள்கை ஆய்வு, கருத்துக்கணிப்பு, இதழியல், தொண்டு நிறுவனங்கள் என்று எத்தனையோ வழி இருக்கிறது. ஆனால் புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கான 'ஆர்' மென்பொருள் இலவசம்தான், இன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.

புதுமாணவன்:
அண்ணா, நான் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டுரையைப் பற்றித்தான்.

அந்திமழை:
எனக்கு என் முதல் மூன்று மாதம்தான் நினைவுக்கு வருகிறது. ஹாப்ஸ் என்ற ஆங்கில அரசியல் சிந்தனையாளர் 1651இல் எழுதிய ஆங்கிலம், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். செமினாரில் நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். அறைக்கு வந்து அழுவேன். ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் படியுங்கள் தம்பி.

வடக்குவாசி:
அக்கா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எல்லாவற்றையும் படித்துத்தான் நான் முதல் தேர்வில் தோற்றேன். ஆய்வுக் கட்டுரை என்றால் சுருக்கம், முன்னுரை, முடிவுரை. நடுவில் உள்ளது தேவைப்பட்டால் மட்டும்.

அந்திமழை:
ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. ஹாப்ஸை அப்படிப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது.

கடல்தாண்டி:
படிக்கக் கொடுக்கும் பட்டியலையும் சொல்ல வேண்டும். பிளேட்டோவில் தொடங்கி ஐரோப்பாவிலேயே முடிகிறது. அர்த்தசாஸ்திரத்துக்கு ஒரு அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

வடக்குவாசி:
அதோடு செமினாரில் பேசுவதற்கும் மதிப்பெண். சரளமாகப் பேசுகிறவனுக்குக் கருத்து இல்லாவிட்டாலும் கிடைக்கிறது. "விமர்சன நோக்கோடு எழுது" என்பார்கள், அது என்னவென்று ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லித் தரமாட்டார்கள். இன்றும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

நூலகத்தூண்:
கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கெடு. தம்பி, எந்த நாடு? இளநிலையா முதுநிலையா? 42 என்பது நாட்டுக்கு நாடு வேறு. இந்தக் கட்டுரைக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம்? தலைப்பு என்ன?

புதுமாணவன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். பிரிட்டன், இளநிலை முதல் ஆண்டு. 30 சதவீதம். தலைப்பு: தேர்தல் முறை கட்சிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறதா? அதிக வாக்கு வாங்கியவர் வெல்லும் முறை, வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் தரும் முறை என்று இரண்டு தேர்தல் முறைகளையும் விளக்கமாக எழுதினேன்.

நூலகத்தூண்:
அங்கே இளநிலையில் பொதுவாக 40 வந்தாலே தேர்ச்சி. உங்கள் துறையின் கையேட்டில் ஒருமுறை சரிபாருங்கள். அநேகமாக நீங்கள் தோற்கவே இல்லை. 70 வந்தாலே அங்கே முதல் வகுப்பு. 100ஐ மனதில் வைத்துக்கொண்டு பார்த்ததால்தான் 42 இவ்வளவு பயமுறுத்துகிறது.

துறை மாற்றப் படிவத்தை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். மாணவர் விசாவில் இருக்கிறீர்கள் என்றால் மாற்றம் விசாவையும் தொடலாம். முதலில் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். நாளையே திருத்திய ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்கும் போங்கள். "மதிப்பெண் ஏன் குறைந்தது" என்று கேட்காமல், "எந்தப் பத்தியில் வாதம் வந்திருக்க வேண்டும்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்கள்.

இனி கட்டுரை. ஒரு தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெல்லும் முறை இரண்டு கட்சி அமைப்புக்கு இட்டுச்செல்லும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் டுவெர்ஜே 1951இல் எழுதினார். அதை எடுத்துச் சொன்னால் விவரிப்பு. இந்தியாவில் அதே முறைதான், கட்சிகளோ ஏராளம், ஏன் என்று கேட்டு ஒரு பதிலின் பக்கம் நின்றால் வாதம். அந்தப் பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி வரை ஒளித்துவைக்கக் கூடாது. நீங்களே ஒரு வாக்கியம் எழுதிப் போடுங்கள், பார்க்கலாம்.

புதுமாணவன்:
முயன்று பார்க்கிறேன். "தேர்தல் முறை தொகுதிக்குள் போட்டியை இரண்டு பேருக்குள் சுருக்குகிறது, ஆனால் அந்த இருவர் யார் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் நாடு முழுவதும் கட்சிகள் பெருகுகின்றன."

நூலகத்தூண்:
இதுதான் வாதம். "பெரும்பாலும் சுருக்குகிறது" என்று மாற்றுங்கள், மும்முனைப் போட்டி நடக்கும் தொகுதிகளும் உண்டு. அவற்றை இரண்டாம் பத்தியில் எதிர்வாதமாக நீங்களே கொண்டுவந்து பதில் சொல்லுங்கள். சந்திப்புக்குப் போகும்போது இந்த வாக்கியத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

அந்திமழை:
இன்றிரவே வீட்டுக்கும் பேசிவிடுங்கள் தம்பி. நான் சொல்லாமல் வைத்திருந்த மூன்று மாதம்தான் ஹாப்ஸைவிடக் கனத்தது.