அப்பத்தாவின் ஞாயிறும் பாஸ்டன் ஞாயிறும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மதுரைக்காரன்:
போன அக்டோபரில் மகள் வீட்டுக்குப் பாஸ்டன் போயிருந்தேன். நாங்கள் நான்கு தலைமுறையாக மதுரை அமெரிக்கன் மிஷன் சபை. 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அந்த மிஷனரிகளை அனுப்பிய சங்கம், 1810இல் பாஸ்டன் இருக்கிற அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவானது. உருவாக்கியவர்கள் பியூரிட்டன்களின், அதாவது 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறிய கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளின், வழிவந்த காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள். அதனால் எனக்கு இது தாய்வீட்டைப் பார்க்கப் போகிற மாதிரி.

எங்கள் அப்பத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு கிடையாது. சனிக்கிழமை ராத்திரியே புளிக்குழம்பு வைத்து மூடிவிடுவார். சீட்டு, சினிமா இரண்டும் பாவம். நான் திருட்டுத்தனமாகப் படம் பார்த்தது தெரிந்த அன்று அடிக்கவில்லை. முழங்கால் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி எனக்காக ஜெபித்தார். அடித்திருக்கலாம்!

பாஸ்டனில் முதல் ஞாயிறு நடந்து போகையில் ஒரு பழைய கல் ஆலயம். உள்ளே போகலாம் என்று பார்த்தால், அது இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வண்ணக்கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் யாரோ சைக்கிளை மாட்டி வைத்திருந்தார்கள். மதியம் மருமகன் வைன் வாங்கக் கடைக்குக் கூட்டிப்போனார். ஞாயிறன்று மதுக்கடை திறக்க அந்த மாநிலம் முழுக்க அனுமதி வந்ததே 2004இல்தானாம். தடை நீங்கியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் பில் போடும்போது கை கொஞ்சம் கூசியது.

ராத்திரி மகள் பாஸ்டன் பீன்ஸ் டப்பாவைத் திறந்தாள். ஓய்வுநாளில் சமைக்கக்கூடாது என்று சனிக்கிழமையே வேகவைத்து வைத்த பியூரிட்டன் சமையல் அது என்கிறார்கள். அப்பத்தாவின் புளிக்குழம்புச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

சேலம் மருமகள்:
அண்ணா, சேலம் போனீர்களா? என் மாமியார் ஊர் இல்லை, அங்கே இருக்கிற சேலம். 1692இல் பியூரிட்டன்கள், சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். நாங்கள் போனது ஹாலோவீன் சமயம், நிற்க இடமில்லை. போலீஸ் காரிலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி முத்திரை! என் பிள்ளை கூரான கறுப்புத் தொப்பி கேட்டு அழுதான், வாங்கிக் கொடுத்தேன். செத்தவர்களின் பெயர் செதுக்கிய கல் இருக்கைகள் ரெண்டு தெரு தள்ளி. அங்கே கூட்டமே இல்லை.

இன்னொன்று. 1659இல் பியூரிட்டன்கள் ஆண்ட அதே மாசசூசெட்ஸில் கிறிஸ்மஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம், வேதத்தில் இல்லாத பண்டிகையாம். 1681இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். இதெல்லாம் ஒழிந்ததற்கு நான் அழமாட்டேன்.

மதுரைக்காரன்:
அப்பத்தா டிசம்பர் பிறந்தால் அச்சுமுறுக்கு சுட ஆரம்பித்துவிடுவாரே! அந்த அபராதக் கதையைச் சொல்லியிருந்தால் என்னைத்தான் பொய்யன் என்றிருப்பார்.

உடுவில் பேத்தி:
அதே சங்கத்து மிஷனரிமார் எங்கட யாழ்ப்பாணத்துக்கு 1816இலேயே வந்துவிட்டார்கள். அம்மம்மா, உடுவிலில் 1824இல் அவர்கள் தொடங்கிய பெண்கள் பள்ளியில் படித்தவர். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்பதில் பியூரிட்டன்கள் பிடிவாதமாக இருந்தவர்கள். மாசசூசெட்ஸில் 50 குடும்பம் உள்ள ஊர் ஒரு வாத்தியாரை வைக்கவேண்டும் என்று 1647இலேயே சட்டம் போட்டவர்கள். அந்தப் பிடிவாதம் கடல் தாண்டி வந்ததால்தான் அம்மம்மா கையில் புத்தகம் வந்தது. கண்டிப்பு மட்டும் குறையவில்லை. ஞாயிறு பேப்பர் வீட்டுக்கு வரும், அவ மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில்தான் வாசிப்பா.