பெரு, குஸ்கோ: அறுபது தாண்டிய அப்பா அம்மாவோடு ஒரு நாள் நடை

வெண்ணாறு:
ஜூன் கடைசி வாரம் பெரு போறோம். லிமாவிலேர்ந்து காலை விமானத்துல குஸ்கோ இறங்கி, அன்னிக்கே ஊரை நடந்து பாத்துட்டு, மறுநாள் மச்சு பிச்சு கிளம்பறதா திட்டம். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. ரெண்டு பேரும் தினம் பிராகாரம் சுத்தறவங்க, நடையில குறை இல்ல. சுத்த சைவம். ஒரு நாள்ல எதெது பாக்கலாம், எந்த வரிசையில? டிக்கெட் எங்க வாங்கணும்?

குடமுருட்டி:
இறங்கின அன்னிக்கே நடக்கவே வேண்டாம். நடைப் பழக்கம் வேற, உயரம் வேற. ஊர் 3,400 மீட்டர்ல இருக்கு. நம்ம பக்கத்துல ஆத்தங்கரை மேடுதான் மேடு. ஒவ்வொரு மூச்சுலயும் வர்ற ஆக்சிஜன் இங்க இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். தலைவலியும் குமட்டலும் உடனே வராது, பல மணி நேரம் கழிச்சு வரும். "ஒண்ணும் பண்ணலையே"ன்னு பகல்ல சுத்தினவங்கதான் ராத்திரி படுத்துக்குவாங்க.

திட்டத்தைத் தலைகீழா மாத்துங்க. விமான நிலையத்திலேர்ந்து நேரா பக்கத்துப் பள்ளத்தாக்குல இருக்கிற உருபாம்பா இல்ல ஓயன்டைடம்போ ஊருக்குப் போயிடுங்க; ரெண்டும் 2,800 மீட்டரை ஒட்டித்தான். ரெண்டு ராத்திரி அங்க. மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430. ரயிலும் ஓயன்டைடம்போவிலேர்ந்தே கிடைக்கும். குஸ்கோ கடைசில. உயர நோய்க்குப் போடற அசெட்டசோலமைடு மாத்திரையை டாக்டரைக் கேக்காம போடாதீங்க. சல்ஃபா அலர்ஜி இருந்தா முதல்ல அதைச் சொல்லணும்.

அரசலாறு:
வரிசை சரிதான். நடைநாளன்று மேலிருந்து கீழே இறங்குங்கள். ஏறிப் பார்க்க நினைத்தால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். காலையில் டாக்சியில் சாக்சைவாமான் என்ற இன்கா கோட்டை (3,700 மீட்டர் உயரம்). டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் கூலி பேசிக்கொள்ளுங்கள். அங்கே சுற்றுலாச் சீட்டு வேண்டும்: முழுச் சீட்டு 130 சோல் (பெரு நாணயம்), 10 நாள் செல்லும், ஒரு நாள் பகுதிச் சீட்டு 70 சோல். ஓயன்டைடம்போ கோட்டைக்கும் முழுச் சீட்டே போதும் என்பதால் அதையே முதல் நாளே வாங்குங்கள். ரொக்கம் வைத்திருங்கள். கதீட்ரலுக்கும், இன்கா சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவுக்கும் டிக்கெட் தனி.

சாக்சைவாமானில் ஒன்றரை மணி நேரம் தாராளமாகச் செலவிடலாம். பெரிய கல் 100 டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். சாந்து இல்லை, ஒரு கல்லின் மூலை அடுத்த கல்லின் வெட்டுக்குள் அப்படியே போய் உட்கார்ந்திருக்கும். பெரிய கோயிலில் நேர்வரிசை பார்த்த கண்ணுக்கு இது வேறு கணக்கு. அங்கிருந்து சான் பிளாஸ் என்ற பழைய பேட்டை வரை இறக்கம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, தேய்ந்து வழுக்கும். அப்பாவுக்குக் கைத்தடி, ரப்பர் அடி வைத்த ஷூ; செருப்பு வேண்டாம். பிறகு ஆதுன் ரூமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல். 2025ல் ஒருவன் அதைச் சேதப்படுத்தினான், தொட்டுப் பார்க்கக் கூடாது. அடுத்து ஊரின் நடுச்சதுக்கமான பிளாசா தே அர்மாஸ், மதியத்துக்குமேல் கொரிகாஞ்சா. 1950 நிலநடுக்கத்தில் மேலே கட்டிய சர்ச் பெரிதும் சேதமடைந்தது. அடியிலிருந்த இன்கா சுவர் நின்றது. சுவர் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதையும், வாசல்கள் மேலே குறுகுவதையும் பார்த்தால் காரணம் புரியும். ஞாயிறு காலை மூடியிருக்கும்.

குடமுருட்டி:
சாப்பாடு: "சின் கார்னே" (இறைச்சி இல்லாம)ன்னு சொன்னா கோழியைப் போட்டுக் கொண்டாந்து வெச்சிடுவாங்க. பொய்யோ (கோழி), பெஸ்காதோ (மீன்), கோழி சாறு எதுவும் வேண்டாம்னு தனித்தனியாச் சொல்லணும்; கீன்வாங்கிற தானிய சூப்புலதான் ஏமாத்தம் அதிகம். சான் பெட்ரோ சந்தையில வேகவெச்ச பெரிய சோளமும் சீஸும், பழச்சாறும் கவலையில்லாம சாப்பிடலாம். ரொகோட்டோ மிளகாய் பாக்க குடமிளகாய் மாதிரி இருக்கும், நம்மூர் நாக்கையே சோதிக்கும்.

கோகா டீ (கோகெய்ன் எடுக்கிற செடியோட இலையில போடறது) அங்க குடிக்கலாம், ஆனா இலையோ டீப் பையோ பெட்டியில வரக்கூடாது, இந்தியாவுல சட்டப்படி குற்றம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மறக்காதீங்க. பெரு போயிட்டுத் திரும்பறவங்ககிட்ட நம்ம விமான நிலையத்துல சான்றிதழ் கேப்பாங்க. இல்லேன்னா ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுதான் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. அறுபதுக்கு மேல இந்த ஊசியில ஆபத்து கொஞ்சம் கூடுதல், அப்பா அம்மா ரெண்டு பேரையும் முன்கூட்டியே டாக்டர்ட்ட காட்டுங்க.

வெண்ணாறு:
மாத்திட்டேன். நடைநாள் இப்ப 24ம் தேதி விழுது, பரவாயில்லையா?

அரசலாறு:
வேண்டாம். அன்று இன்காக்களின் சூரியத் திருவிழாவான இந்தி ராய்மி. கொரிகாஞ்சா, பிளாசா, சாக்சைவாமான் மூன்றிலும் விழா; உங்கள் பாதை முழுக்கக் கூட்டம். 26க்குத் தள்ளுங்கள், விடுதி வாடகையும் இறங்கும்.