25ஆவது கல்யாண நாள்: விற்ற ஜிமிக்கியையே திரும்பச் செய்யலாமா?

குலசேகரம்_தோட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் நிறைகிறது. மனைவிக்கு ஒரு நகை எடுக்க வேண்டும். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. பவுன் லட்சத்தைத் தாண்டிவிட்டதால், செய்கூலி சேதாரம் போக அரைப் பவுனைச் சுற்றித்தான் யோசிக்க முடியும்.

இந்தப் பணம் வந்த வழியைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த அன்று எங்கள் ஒன்றரை ஏக்கரில் பால்வெட்டு நடந்துகொண்டிருந்த ரப்பர் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. முறிந்ததை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, மறு வருஷ மழைக்குப் புதுத் தை, அதாவது கன்று, வைத்தோம். ரப்பர் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். பிள்ளைகளின் படிப்பு ஏழு வருஷம் காத்திருக்குமா? கட்டணம் கட்ட வழி தெரியாமல் நான் திண்ணையில் இருந்தபோது, நான் கேட்காமலே காதில் கிடந்த சிவப்புக்கல் ஜிமிக்கியைக் கழற்றித் தந்தாள். அவள் அம்மா போட்டு அனுப்பியது அது. முதலில் அடகு வைத்தோம். வட்டி ஏறிக்கொண்டே போனது. மீட்டு, விற்றுவிட்டோம்.

அதன்பிறகு விசேஷ வீடுகளுக்குக் கவரிங் போடுவாள். இரண்டாம் நாளே காது சிவந்து நீர் கசியும். கழற்றி வைத்துவிட்டு, துளை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சியைச் சொருகிக்கொள்வாள். காலையில் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் வழிக்கக் குனியும்போது அந்தக் குச்சியின் நுனி எனக்குத் தெரியும். பச்சையாக இருந்தால் நேற்று மாற்றியிருக்கிறாள் என்று அர்த்தம்.

இந்த வருஷம்தான் புது மரங்களில் கத்தி வைத்தோம். ரப்பர் ஷீட் விற்றதில் தனியாக எடுத்து வைத்ததுதான் இந்த 80,000. அதே ஜிமிக்கியைச் செய்யச் சொல்லட்டுமா? இல்லை, நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகையில் பெரிதாக ஒரு அட்டிகை எடுக்கட்டுமா? மகளோ, "செயின் எடுங்கப்பா, அவசரத்துக்கு உதவும்" என்கிறாள். இன்னொரு முறை விற்பதை நினைக்கவே எனக்கு மனசில்லை.

வடசேரி_மருமகள்:
அண்ணே, என் மாமனார் கோயில் நகை வேலை செய்தவர். எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, வைத்து அழுத்துவார். சாமிக்குச் சாத்தவும் பரதநாட்டியத்துக்கும் செய்கிற வேலை அது. புவிசார் குறியீடு வாங்கியது, எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனாலும் சொல்கிறேன், தோட்டத்தில் வேர்த்து உழைக்கிற உடம்புக்கு அது தோதுப்படாது. வெந்நீரும் சோப்பும் அதற்கு ஆகாது. எடுத்தால் பெட்டியில்தான் இருக்கும். அக்கா தினமும் போட வேண்டுமென்றால் தங்கத்திலேயே செய்யுங்கள். கவரிங்கில் கலக்கிற நிக்கல்தான் பல பேருக்குக் காதைப் புண்ணாக்குகிறது. அதனால் திருகாணியும் அதோடு சேர்கிற சுரையும்கூடத் தங்கமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். விற்றபோது கல்லை என்ன செய்தார்கள்? பழைய நகை எடுக்கும்போது கல்லைக் குத்தி எடுத்துவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் நிறுப்பார்கள். கல்லைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பதும் உண்டு. கொடுத்திருந்தால் அக்கா அதை எறிந்திருக்க மாட்டார்கள். மகளிடம் சொல்லித் தேடிப் பாருங்கள்.

திங்கள்நகர்_டீச்சர்:
மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு உங்களுடையது. கல் நகை என்றால் எடையைக் கவனியுங்கள். நான் ஒரு கடையில் கல்லோடு சேர்த்து நிறுத்த கம்மலை அப்படியே தங்க விலைக்கு வாங்கி, மாற்றப் போனபோதுதான் இரண்டு கிராம் கல் எடை என்று தெரிந்து அழுதேன். கல் நீக்கிய தங்க எடையைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஹால்மார்க்கில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்று காட்டும் 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறியான ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறிலக்கம் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் விவரம் வந்துவிடும். ஆசாரியிடம் செய்யக் கொடுத்தால், ஹால்மார்க் போட்டுத் தர முடியுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முட்டம்_கடற்கரை:
கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி ஒளியைப் பார்த்து விளக்கென்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்தே வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வாள். கல் நகை மேல் நம்மூர்ப் பெண்களுக்கு இருக்கிற ஆசை சும்மாவா? ஜிமிக்கியே செய்யுங்கள் அண்ணாச்சி. இத்தனை வருஷம் பாரம் தாங்காத காது, எடை கூட வேண்டாம். காதிலிருந்து முடியில் மாட்டுகிற மாட்டல் ஒன்று சேர்த்துவிட்டால் துளை இழுபடாது.

குலசேகரம்_தோட்டம்:
வடசேரித் தங்கச்சி, நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று. மகள் நேற்று தேடிப் பார்த்தாள். அலமாரியில் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு பழைய பவுடர் டப்பா. அதற்குள் கடைக்காரன் மடித்துக் கொடுத்த அதே காகிதம். பிரித்தால் 27 சிவப்புக் கல். ஒரு காதுக்கு 14 என்று கல்யாண போட்டோவைப் பெரிதாக்கி எண்ணினோம். ஒன்று மட்டும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் அப்படியே மடித்து வைத்துவிட்டாள் மகள்.

இன்று தக்கலையில் ஆசாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். போட்டோவையும் காட்டினேன். ஐந்து கிராமுக்குள் முடிக்கலாம், பற்றவைப்பு எல்லாம் முடிந்தபிறகு கடைசியில்தான் கல் பதிக்க வேண்டும், நெருப்புப் பட்டால் பழைய கல் விரிசல் விடும் என்றார். குறைகிற ஒன்றுக்கு அதே நிறத்தில் கல் பார்க்கிறாராம். புதுக் கல்லை வலது காதில், உள்பக்கமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆசாரியிடம் கல் கொடுக்கும் நாளன்று, அவள் கண்டுபிடிக்காமலிருக்க அந்தக் காகிதத்துக்குள் என்ன வைப்பது என்று மகளும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. சோளமணி வைக்கலாம் என்கிறாள் மகள்.